ஆனந்தலோகத்தில் ஒரே ஒரு அறை

ஜூன் 9, திங்கள்

காற்று ஆரம்பித்துவிட்டது. காலையில் மைக் ரூம் ஜன்னலைத் திறந்தேன். கதவு கையோடு கழன்று, கொலம்பஸ் கப்பலைத் தாண்டிப் பறந்து, பம்பர் கார் கொட்டகையின் மேல் போய் உட்கார்ந்தது. பூட்டிக் கிடக்கும் ஆனந்தலோகம் பார்க்கில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஓடிய முதல் ரைடு அதுதான். டிக்கெட் இல்லாமல் பார்த்தேன்.

வள்ளியூருக்குத் தெற்கே அடிக்கும் கணவாய்க் காற்றைப் பற்றித் தெரிந்த எவனும் இங்கே ராட்டினம் போடமாட்டான். முதலாளி மதுரைக்காரர். மற்றவர்கள் காற்றாலை போட்ட இடத்தில் அவர் ஜயன்ட் வீல் போட்டார். திறப்பு விழாவுக்கு வந்த நடிகையை அதில் ஏற்றினார்கள். இறங்கும்போது அவர் ஒட்டுமுடி மேலேயே நின்றுவிட்டது. ரைடுகளுக்குக் கரண்டை வெட்டிய பிறகும் ஆனி ஆடியில் அந்தச் சக்கரம் தானாக அசைந்து முனகுகிறது, பென்ஷன் கேட்டு வந்த கிழவர் மாதிரி.

இந்த டைரியும் அந்த விழாவுக்கு அடித்து மிஞ்சியதுதான். கிழமை ஒன்றும் பொருந்தாது. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி: பிரேமலீலா, வயது ஐம்பத்தொன்று, நுழைவாயில் கோட்டையின் உச்சியிலிருக்கும் மைக் ரூமில் வாசம். ஆனந்தலோகத்தின் குரல் நான்தான். 'அன்பான பார்வையாளர்களே' என்று நான் ஆரம்பித்தால் வரிசையில் நிற்கும் இளவட்டங்கள் அண்ணாந்து பார்க்கும். பார்த்து ஏமாறக் கூடாது என்றுதான் ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள். குரலுக்கு வயது இருபத்திரண்டு, எடைக்கு வேறு கணக்கு.

இப்போது இங்கே மிச்சம் இரண்டு பேர். நான், அப்புறம் ஜெபக்கனி. அவள் பேய் பங்களாவில் பேயாக இருந்தவள். வயது நாற்பத்துநான்கு, விதவை. பனி உலகத்தில் குடியிருக்கிறாள். தெர்மகோல் சுவர் என்பதால் வெயில் ஏறாது. சுவரோரம் நிற்கும் இரண்டு பென்குயின்கள்மேல் சேலை காயப்போடுவாள். சமையல் இரண்டு பேருக்கும் அங்கேதான், ஒரே அடுப்பில்.

ஜூன் 14, சனி

மேனேஜர் தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். சம்பளம் இல்லாத நாட்களில்கூட வெறுங்கையாக வராத மனிதர், இன்று வெறுங்கையாக வந்தார்.

பென்குயின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுச் சொன்னார். "இடம் கைமாறியாச்சு. சோலார் கம்பெனி. ஆடிக் காத்து நின்னதும் கிரேன் கொண்டாந்து எல்லாத்தையும் அறுத்துருவாவ. கேட்டுகிட்ட இருக்க ஆபீஸ் ரூமு மட்டும் நிக்கும். காவலுக்கு ஒரு ஆளு வேணுமாம். ரூமும் அந்த ஆளுக்குத்தான். கடைசி வரைக்கும் கம்பெனி வேலை."

"ஒரு ஆளா?" என்றாள் ஜெபக்கனி.

"ஒரு ஆளுதான்."

"அப்ப மத்த ஆளு?"

அண்ணாச்சி தம்ளரைப் பார்த்தார். "ஆண்டவர் ஒரு வழி காட்டுவாரு" என்றார் அவளிடம். என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. என் சிவபெருமானுக்கு இந்தப் பக்கம் வழி தெரியாது என்று நினைத்திருப்பார்.

அவர் போன பிறகு ஜெபக்கனி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எக்கா, தப்பா நெனைக்காதீய. எம்மவ எஸ்தருக்கு ஏழாம் மாசம் பொறக்கப் போவுது. தலைப்பிள்ளைலா? தாய் வீடுன்னு ஒண்ணுக்குக் கூட்டிட்டு வரணும். பென்குயினுக்கு நடுவுலயா படுக்கப் போடுவேன்? அந்த ரூமு கிடைச்சுதுன்னா…"

"கிடைக்கும் கிடைக்கும்" என்றேன்.

எனக்கு மகள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு தம்பி, அவனுக்கு ஒரு மனைவி. போன பொங்கலுக்குப் போனபோது என் பையை அவள் கார் ஷெட்டில் வைத்தாள். என்னையும் அங்கேயே வைத்திருப்பாள், விரிக்கப் பாய் அகப்படவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கோதுமைத் தோசை. ஜெபக்கனி சட்னிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். மனசில் ரூம் ஓடுகிறது. என் மனசிலும் அதுதான் ஓடுகிறது, ஆனால் உப்பு மறக்காது.

ஜூன் 23, திங்கள்

சோலார் கம்பெனியிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். மீசை முளைத்த நாளை இன்னும் கொண்டாடிக்கொண்டிருக்கிற வயது. இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத்தான் முடிவாம். பெண் பார்க்கும் படலம்! எனக்கு அது நடக்காத குறை இன்று தீர்ந்தது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேசரி செய்தேன்.

ஜெபக்கனி ஒன்றும் செய்யவில்லை. கத்தினாள்.

"இவங்கதான் பேயா? எப்படிங்க கத்துவீங்க?" என்று அவர் விளையாட்டாகக் கேட்டார். இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒன்று விட்டாள் பாருங்கள், கேசரித் தட்டு அவர் கையிலிருந்து எகிறி, மனிதர் வாசல் வரைக்கும் ஓடிவிட்டார். நானும் அண்ணாச்சியும் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தோம்.

"நீங்க ஏன் சார் ஓடல?" என்று திரும்பி வந்து அண்ணாச்சியைக் கேட்டார்.

"எங்களுக்கு அப்படிப் பழக்கம் சார். வேலைக்குச் சேந்த அன்னைக்கே எல்லாருக்கும் சொல்லிக் குடுப்போம். கத்துனா ஓடாத. கத்துதவன் உசுரோட இருக்கான், குடுத்த காசுக்குச் சந்தோசமா இருக்கான். கத்தல் நின்னா ஓடு."

வாஸ்தவம். ராட்டினத்தில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் அலறும்போது ஆபரேட்டர்கள் கீழே உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார்கள். ஒரு தொட்டியில் மட்டும் சத்தம் அடங்கினால் சுவிட்சுக்குப் பாய்வார்கள். மயக்கம், வாந்தி, எதுவோ ஒன்று. இந்த ஒழுங்குக்கு எங்கள் காது பழகிவிட்டது. ஜெபக்கனியின் கத்தலுக்கு நான் பாதித் தூக்கத்தில்கூடப் புரண்டு படுத்ததில்லை.

என்ஜினீயர் போகும்போது அவளைப் பார்த்துச் சிரித்தார். "இவங்க காவலுக்கு இருந்தா திருடன் வருவானா?" என்றார். கேசரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 2, புதன்

கரண்ட் கோட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் ஜெபக்கனியின் போன் என் மைக் ரூமில்தான் சார்ஜ் ஏறும். மத்தியானம் அது அடித்தது. அடிக்கிற போனை எடுக்காமல் விட எனக்கு மனசு வராது. எத்தனை வருஷம் பொதுமக்கள் சேவையில் இருந்தவள்!

எஸ்தரின் மாமியார், நாசரேத்துப் பக்கம். குரலிலேயே ஜெபக்கூட்டத்தின் வாசனை. "பிள்ளைய ஏழாம் மாசம் கூட்டிட்டுப் போறதா சொன்னாவ. சம்மந்தி எந்த எடத்துல இருக்காவன்னு கேக்கத்தான் போட்டேன்."

"இங்கதான், ஆனந்தலோகத்துல."

"வீடு எப்படி?"

நான் பொய் சொல்கிறவள் இல்லை. "வீடுன்னு சொல்ல முடியாதுங்க. ரைடு இருந்த எடந்தான். அவ ஏழு வருசம் பேயா இருந்தாள்லா, அதனால பயமெல்லாம் கெடையாது. இப்பக்கூட அந்தப் பேய் பங்களாவுக்குப் போய்ப் பொம்மையெல்லாம் தொடச்சு வச்சிட்டு வருவா. பாசம்!"

மெதுவாக, "எதுக்குத் தொடைக்காவ?" என்று கேட்டார்.

"அவட்டத்தான் கேக்கணும். அதுகளோட பேசவும் செய்வா."

பேசுவாள்தான். பென்குயினோடும் பேசுவாள். தனியாக இருக்கிறவர்கள் எல்லாரும் பேசுவார்கள். நான் மைக்கோடு பேசுகிறேன். ஆனால் அவர் "இயேசுவே" என்று போனை வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் பாதிப் பேச்சுக்குமேல் கேட்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

ஜெபக்கனி போனை எடுக்க வந்தாள். "யாரும் கூப்பிட்டாவளா எக்கா?" என்றாள். அப்போதுதான் பனி உலகத்தில் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது, ஓடினேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெபக்கனி காலையிலிருந்து அழுகிறாள். சம்பந்தி பெண்ணை அனுப்ப மாட்டாராம். பிசாசின் கூடாரத்தில் என் பேரப்பிள்ளை பிறக்க வேண்டாம் என்றாராம். அடுப்புக்குப் பக்கத்தில் அழுதால் கண் எரிச்சல் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது. வெங்காயம்.

"யாரு போய்ச் சொல்லிக் குடுத்தாவளோ எக்கா! மனசாட்சி இல்லாதவிய!"

"உலகமே அப்படித்தான்டி ஜெபக்கனி."

"இப்ப நான் என்ன செய்ய?"

ஆலோசனை கேட்டால் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "அந்தப் பொம்மைய எல்லாம் வெளிய இழுத்துப் போட்டு எரிச்சிரு. எரியுதத போட்டோ எடுத்து சம்மந்திக்கு அனுப்பு. பங்களாவுக்குள்ள ஒரு சிலுவைய மாட்டு. மனசு எளகிரும்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க மூளை யாருக்கும் வராது எக்கா" என்றாள். அது எனக்கும் தோன்றியதுண்டு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பாயசம் வைத்தேன். பால் கொஞ்சம் திரிந்துவிட்டது, பாயசம் என்று சொன்னதால் பாயசமாக இருந்தது.

காலையில் அண்ணாச்சி போன் செய்தார். பழைய இரும்புக்காரர் வந்து எல்லாவற்றையும் அளந்துவிட்டுப் போனாராம். "லீலாம்மா, பேய் பங்களா தரைப் பலகை பூரா கரையான். அவரு காலு வச்ச எடத்துல உள்ள போயிட்டு. அந்தப் பக்கம் போவாண்டாம். ஜெபக்கனிட்டயும் மறக்காம சொல்லிருங்க."

"சரி அண்ணாச்சி."

"கம்பெனிக்காரருக்கு அவளத்தான் புடிச்சிருக்குது. நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. ஆனா நான் எழுதிக் குடுக்கதுதான் கடைசி. ஆடி முடியட்டும், பாப்போம்" என்றார்.

ஜெபக்கனி பாயசம் குடித்தாள். எதிர்த்தாற்போல் உட்கார்ந்து நானும் குடித்தேன். எஸ்தர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதல் தடவை அம்மாவைப் பேய் வேஷத்தில் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்ல, எங்கம்மாவ முழுங்கிட்டு" என்று அழுத கதையைச் சொன்னாள். நான் பம்பர் காரில் மாட்டிக்கொண்ட புது மாப்பிள்ளை கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் பாயசம் அவள் மூக்கில் ஏறிவிட்டது. இப்படிப் பேச்சு திசை மாறிப்போனால் ஒரு மனுஷி எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்?

ஜூலை 24, வியாழன்

மீன்காரர் வரவில்லை. நாளைக்குத் தலைக்கு மருதாணி போட வேண்டும். ஜெபக்கனி நாளைக்குப் பொம்மைகளை எரிக்கப் போகிறாளாம், வள்ளியூர் போய்ச் சிலுவை வாங்கி வந்துவிட்டாள். நல்லது.

ஜூலை 25, வெள்ளி

இன்றைக்குப் போல ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. டிராகன் ரயிலின் தலை தனியாகக் கழன்று புல்லில் கிடக்கிறது, விருந்துக்குப் போய்க் கவிழ்ந்து தூங்குகிற மாமனார் போல.

மருதாணியைத் தயிரில் குழைத்துத் தலையில் அப்பி, மேலே பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தேன். முட்டைக்கோஸ்.

மத்தியானம் அண்ணாச்சி போன். அவர் மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துரை வாசிக்க என் குரல் வேண்டுமாம். எந்த ராகத்தில் என்று பேசிக்கொண்டிருந்தோம். நடுவில், "அது என்ன சத்தம் லீலாம்மா?" என்றார்.

"நம்ம ஜெபக்கனிதான் அண்ணாச்சி. பொம்மையப் பாக்கப் போனா. பழைய ஷோ ஞாபகம் வந்திருக்கும்."

"அடேயப்பா, தொண்டை அப்படியே இருக்கே!"

"கோயம்புத்தூருக்கே கேக்கட்டும்னு கத்துதா போலுக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். பழைய மூன்றரை மணி ஷோ நேரம்கூடப் பொருந்திவிட்டது.

நல்ல கத்தல். முதலில் நீளமாக வந்தது, அப்புறம் விட்டுவிட்டு. நடுவில் எக்கா என்று கேட்ட மாதிரியும் இருந்தது. இந்தக் காற்றில் எது வேண்டுமானாலும் எக்கா என்று கேட்கும். ரேடியோவைப் போட்டேன். நேயர் விருப்பம். என் குரலில் பாதிகூட இல்லாத ஒரு பெண் பேசினாள், எப்படித்தான் வேலைக்கு எடுத்தார்களோ.

நிகழ்ச்சி முடிந்து ரேடியோவை அணைத்தபோது கத்தல் இல்லை. காற்று மட்டும்தான்.

தலையை அலசினேன். நிறம் நன்றாகப் பிடித்திருக்கிறது. நெற்றியிலும் பிடித்துவிட்டது.

ஜூலை 26, சனி

நேற்றுச் சாயங்காலம் பழைய இரும்புக்காரர் மறுபடி அளக்க வந்து, பேய் பங்களாவுக்குள் டார்ச் அடித்திருக்கிறார். பேய் எழும்பி வரும் குழிக்குள் ஜெபக்கனி கிடந்தாள். ஏழு வருஷம் அதே குழியிலிருந்து தினம் எழும்பியவள், இந்தத் தடவை தரையோடு உள்ளே போய்விட்டாள். தொடை எலும்பு வெளியே தெரிந்தது. நினைவு இல்லை.

நான் பதறிப்போனேன். ஈரத் தலையோடு ஓடினேன். எல்லாரும் பார்த்தார்கள்.

தூக்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை. கடைசியில் பங்களாவிலிருந்த பொம்மைச் சவப்பெட்டியின் மூடியைக் கழற்றி, அதில் கிடத்தி, இரும்புக்காரரின் மினி லாரியில் ஏற்றினார்கள். பெரிய ரோட்டில் போகும்போது எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று சிலுவை போட்டார்களாம். எந்த ஷோவிலும் அவளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அண்ணாச்சி போன். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "லீலாம்மா, அன்னைக்கு நாம போன்ல பேசுனது… அந்தச் சத்தம்… யார்ட்டயும் சொல்லாண்டாம். பொண்ணு கல்யாணம் வருது பாத்துக்கிடுங்க" என்றார்.

"எந்தச் சத்தம் அண்ணாச்சி?"

நீளமாக ஒரு மூச்சு விட்டார். "கரையான் விசயம் அவட்டச் சொன்னீயள்லா?"

"சொல்லாமலா?" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபக்கனியைப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி மடங்காதாம். படி ஏறக் கூடாதாம். பக்கத்தில் எஸ்தர், வயிறும் அவளுமாக ஒரு ஸ்டூலில். மாமியார் அனுப்பிவிட்டார். ஆனால் எப்படி அனுப்பினார் தெரியுமா? 'பிசாசு அடிச்ச வீடு, தாயும் மகளும் அங்கயே இருங்க, பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிஞ்ச பொறவு பாக்கலாம்' என்று பெட்டியோடு அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறான். அவனுக்கும் அம்மா சொல்லே மந்திரம்.

ஜெபக்கனி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பாவி, அந்த நிலையிலும் கதை சொன்னாள்.

"எக்கா, மொத நாளு வலி தாங்காமக் கத்திட்டேன். நர்ஸ் பிள்ளைய நாலு பேரு ஓடி வந்தாவ. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. எதுக்கு ஓடி வாறீய, நான் கத்தத்தானே செய்யுதேன்னு கேட்டேன். அவியளுக்குப் புரியல."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நானும். எஸ்தர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கர்ப்பிணிகளுக்கு அப்படித்தான், பார்வை ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும்.

பிறகு ஜெபக்கனி குரலை இறக்கிக் கேட்டாள். "ஒங்களுக்குக் கேட்டுச்சா எக்கா?"

"காத்துட்டி" என்றேன்.

"காத்துதான். நானும் அதத்தான் எஸ்தர்ட்டச் சொன்னேன். கேட்டிருந்தா வந்திருப்பாவ, அன்னைக்குப் பாத்துப் பேய்க்காத்துன்னு."

பேசிக்கொண்டே ஆரஞ்சை உரித்து உரித்து நானே முழுக்கத் தின்றிருக்கிறேன். பஸ்ஸில் ஏறின பிறகுதான் நெஞ்சு கரித்தது.

ஆகஸ்ட் 20, புதன்

அண்ணாச்சி என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். என்ஜினீயர் பயல் வந்து சாவி கொடுத்தான். ஆபீஸ் ரூம்! குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைப் போட்டால் காற்றாடி. ஒரு பெரிய அறை, பின்னால் இன்னொரு சின்ன அறை, அதில் இரும்புக் கட்டில். நடந்து நடந்து பார்த்தேன். என் குரல் எதிரொலிக்கிறது. "அன்பான பார்வையாளர்களே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா, சொந்தக்காரங்க யாராச்சும் கூட வந்து தங்கறதுன்னாலும் எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆள் இருந்தா நல்லதுதானுங்களே" என்றான் போகும்போது.

தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். அவன் மனைவி போனை வாங்கி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "சாப்ட்டீயளா மதினி?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

காற்று நின்றுவிட்டது. கிரேன் வந்தது. ஜயன்ட் வீலை அறுத்தார்கள். ஒவ்வொரு தொட்டியாக இறக்கிவைத்தபோது கைதட்ட வேண்டும்போல இருந்தது. பனி உலகத்தை இடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. தெர்மகோல் தூள் தேசிய நெடுஞ்சாலை வரைக்கும் பறந்து, ஊரே முதல் தடவையாகப் பனி பார்த்தது. பென்குயின் ஒன்றை எனக்கு எடுத்துக்கொண்டேன். துணி காயப்போட வசதி.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆட்டோவில் வந்தார்கள், ஜெபக்கனியும் எஸ்தரும். ஜெபக்கனி கம்பு ஊன்றி, மடங்காத காலை வெளியே நீட்டிக்கொண்டு, ஆட்டோக்காரன் தூக்கிவிட இறங்கினாள். வாசலில் நின்று ரூமைக் கண்ணாலேயே அளந்தாள். பின் அறைக் கட்டிலையும் பார்த்துவிட்டாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட்டும் வைத்தேன்.

"எக்கா, வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில பேரு வெட்டி அனுப்பிட்டாவ. வள்ளியூர்ல பரோட்டாக் கடை மாடியில ஒரு ரூமு பாத்திருக்கா எஸ்தர். படி செங்குத்தா இருக்கு, நான் ஏற முடியாது. அவ பிள்ளையப் பெத்துட்டு வந்தா பச்சை ஒடம்புக்காரிய யாரு பாப்பா? நாப்பது நாளு, இந்தப் பின் ரூமுல. அவளுக்குத் தாய் வீடுன்னு நெனச்சுக்கிடுதோம். நான் இருந்த எடத்துலயே கிடந்து பிள்ளையக் குளிப்பாட்டிருவேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. தன் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முகத்தை எவ்வளவு வருத்தமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டேன். "எனக்கு இஷ்டம் இல்லாமலாட்டி? கம்பெனி விடாதே. ஒரு ஆளுக்குமேல இங்க இருக்கக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டாவ. மீறுனா என்னையும் வெளிய போட்டுருவாவ."

"அப்படியா?" என்றாள் ஜெபக்கனி. கொஞ்ச நேரம் பிஸ்கட்டைப் பார்த்தாள். "சரிக்கா. ஒங்க வேலைக்கு ஒண்ணும் வரக் கூடாது. நான் கேட்டதா யார்ட்டயும் சொல்லிறாதீய."

எஸ்தர் எழுந்துவிட்டாள். "வாம்மா போவோம்" என்றாள். வாசலுக்குப் போய்த் திரும்பி, "அந்தக் கட்டிலு யாருக்கு?" என்று கேட்டாள்.

"பழைய சாமான்" என்றேன்.

வயிற்றுப் பிள்ளைக்காரி வெறுங்கையோடு போகக் கூடாது என்று அரை டஜன் வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன். ஆட்டோ போகும் வரைக்கும் வாசலில் நின்று கையசைத்தேன். உள்ளே வந்து பார்த்தால் எஸ்தர் டீயைத் தொடவே இல்லை. சூடு பண்ணிக் குடித்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஆட்டோக்காரன் வந்து ஒரு பொட்டலம் கொடுத்தான். ஜெபக்கனி அனுப்பிய மஸ்கோத் அல்வா. எஸ்தருக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

உட்காரவைத்துக் கேட்டேன். ஆட்டோக்காரர்கள் மாதிரி விஷயம் சொல்கிறவர்கள் கிடையாது. எஸ்தரும் குழந்தையும் மாடியில் இருக்கிறார்களாம். ஜெபக்கனி கீழே பரோட்டாக் கடை பெஞ்சில். ராத்திரி கடை அடைத்த பிறகு அங்கேயே படுத்துக்கொள்கிறாளாம். பிள்ளை அழுதால் கீழே இருந்தபடியே ஆராரோ பாடுகிறாளாம். அந்தத் தொண்டைக்கு மாடி எம்மாத்திரம்! காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எஸ்தர் பிள்ளையை மாடிக் கைப்பிடியில் கொண்டுவந்து காட்டுவாளாம். இவள் ரோட்டில் இறங்கி நின்று அண்ணாந்து பார்ப்பாளாம். பிள்ளையை இன்னும் கையில் வாங்கவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்க எஸ்தருக்குப் பயம். கடைக்காரர் வாங்கிக்கொண்டு வந்து தருகிறேன் என்றாராம். மாவுக் கை, வேண்டாம் என்று ஜெபக்கனியே சொல்லிவிட்டாளாம்.

"கீழ பெஞ்சு டிக்கெட்டு, மேல பால்கனி. டூரிங் டாக்கீஸ்தான்!" என்றேன்.

ஆட்டோக்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தலைமுறைக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைந்துவிட்டது. "நல்லா இருக்கியளான்னு கேக்கச் சொன்னாவ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அல்வாவில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கல். இருந்தாலும் முழுக்கத் தின்றுவிட்டேன். தனி ஆளுக்கு வைத்துத் தின்ன என்ன இருக்கிறது?

சாயங்காலம் ரூமைக் கழுவிவிட்டேன். இந்த ரூமில் ஒரு வசதி. வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. சமதரை. தண்ணீரைத் தள்ளினால் தானாக வெளியே போய்விடுகிறது.